நோன்பும் பசியும்: புதுச்சேரி அடைக்கல வாழ்வில் உணவு (1908–1918)

ஆய்வுச்சுருக்கம்

புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்த அரவிந்தர், பாரதியார் ஆகியோரின் வாழ்வில் உணவின்மை இருவகையாக அமைந்தது. ஒன்று தாமே விரும்பி மேற்கொண்டது. மற்றொன்று வறுமையால் நேர்ந்தது. இவ்விரண்டையும் ஒரே தவமாகக் கொள்ளும் போக்கை இக்கட்டுரை மறுக்கிறது. உறுதியான உணவு பின்னணியில் இருந்தபோதே நோன்பு இயன்றது என்பதும், வறுமை சோற்றை விட்டுவைத்துப் பிற உணவுகளையே முதலில் பறிக்கிறது என்பதும் இதன் துணிபு.

திறவுச்சொற்கள்: புதுச்சேரி, அரவிந்தர், பாரதியார், நோன்பு, வறுமை, மாவுச்சத்து.

முன்னுரை

பிரெஞ்சு ஆட்சிப் பகுதியாக இருந்த புதுச்சேரி, பிரித்தானிய அரசின் அடக்குமுறைக்கு இலக்கான விடுதலை இயக்கத்தினருக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகலிடமாயிற்று. 1908இல் பாரதியாரும், 1910 ஏப்ரல் 4இல் அரவிந்தரும், அதே ஆண்டின் பிற்பகுதியில் வ.வே.சு. ஐயரும் அங்கு வந்து சேர்ந்தனர். இவர்களின் அரசியலும் எழுத்தும் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. இவர்கள் உண்டதும் உண்ணாதிருந்ததும் பெரும்பாலும் பெருமை கூறும் நிகழ்ச்சிகளாகவே எடுத்துரைக்கப்படுகின்றன. அவற்றைப் பொருளியல் சூழலோடும் உடலியல் அறிவோடும் இணைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செட்டியார் இல்லத்து நோன்பு

புதுச்சேரி வந்த அரவிந்தர் முதல் ஆறு திங்கள் கோமுட்டித் தெருவில் இருந்த கலவை சங்கரச் செட்டியாரின் மாடியில் தங்கினார். 1910இல் அங்குதான் 23 நாள் உண்ணாநோன்பை மேற்கொண்டார். இதற்குமுன் அலிப்பூர்ச் சிறையிலும் ஏறத்தாழப் பத்து நாள் உண்ணாதிருந்ததுண்டு. பிற்காலத்தில் சீடர்களோடு நிகழ்த்திய உரையாடல்களில் இந்நோன்பைப் பற்றி அவரே கூறியுள்ளார். வழக்கமான நடையும் மனப்பணியும் தடைபடவில்லை, சோர்வும் தோன்றவில்லை. ஆயினும் உடலின் தசை கரைந்தது. அவ்விழப்பை ஈடுசெய்யும் வழி தமக்குப் புலப்படவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

இக்கூற்றின் இரு பகுதிகளும் உடலியல் ஆய்வுகளோடு பொருந்துகின்றன. உணவு நின்றபின் கல்லீரலில் சேமிக்கப்பட்ட கிளைக்கோஜன் ஏறத்தாழ ஒரு நாளில் தீர்ந்துவிடுகிறது. பின்னர்க் கொழுப்பு கரைந்து, அதிலிருந்து கீட்டோன்கள் உருவாகின்றன. நீண்ட நோன்பில் மூளை தன் ஆற்றலின் பெரும்பகுதியைக் கீட்டோன்களிலிருந்தே பெறுகிறது என்பதை 1967இல் ஜார்ஜ் கேஹில் குழுவினர் பாஸ்டனில் நிறுவினர். மனத்தெளிவு குன்றாதிருந்தமைக்கு இது விளக்கமாகலாம். தசை கரைந்தமைக்கோ இன்னும் முந்திய சான்று உண்டு. 1912இல் அதே நகரில் பிரான்சிஸ் பெனடிக்டின் ஆய்வகத்தில் லெவான்சின் என்பவர் நீர் மட்டும் அருந்தி 31 நாள் நோன்பிருந்தார். அவர் எடையில் ஏறத்தாழ 13 கிலோ குறைந்தது. நைட்ரஜன் வெளியேற்றம் இறுதிநாள்வரை தொடர்ந்தது. அதாவது உடல் தன் புரதத்தையும் இழந்துகொண்டே இருந்தது.

நோன்பு முடிந்ததும் முன்பு உண்ட அளவையே உண்டதாக அரவிந்தர் கூறுகிறார். அவருக்கு அதனால் தீங்கு நேரவில்லை. எனினும் பட்டினி கிடந்த உடலுக்கு மாவுச்சத்தைத் திடீரென மிகுதியாகத் தருவது இரத்தத்தின் பாஸ்பேட் அளவைத் தாழ்த்தி உயிருக்கே கேடு விளைவிக்கக்கூடும் என்பதை இன்றைய மருத்துவம் அறியும். ஆகவே இந்நிகழ்ச்சி பிறர் பின்பற்றுதற்குரிய முன்மாதிரி ஆகாது.

வாடகை வீட்டுப் பசி

இந்நோன்பு நிகழ்ந்த இடம் கருதத்தக்கது. செட்டியார் இல்லத்தில் உணவு விருந்தோம்பலாகத் தவறாது கிடைத்தது. அரவிந்தர் அதை வேண்டாமென்றார். 1910 அக்டோபரில் வாடகை வீட்டுக்குக் குடிபெயர்ந்தபின் நிலைமை மாறியது. சமையலை உடனிருந்த இளைஞர்களே செய்தனர். சோறு தமக்கும், பருப்பு சுரேஷ் சக்கரவர்த்திக்கும், கறி பிஜய் நாகுக்கும் உரிய பங்காக இருந்ததை நளினி காந்த குப்தர் நினைவுகூர்கிறார்.

1912 ஜூலையில், மற்றொரு பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூரில் இருந்த மோதிலால் ராய்க்கு எழுதிய கடிதத்தில், கையிருப்பு ஏறத்தாழ ஒன்றரை ரூபாயே என்று அரவிந்தர் தெரிவிக்கிறார். இரண்டாண்டுகளுக்குமுன் 23 நாள் உண்ணாதிருந்தவர், பணமின்மைக்கு நோன்பைத் தீர்வாக முன்வைக்கவில்லை, பணமே கேட்டார். நோன்பையும் வறுமையையும் அவரே வேறாகக் கண்டார் என்பதற்கு இது வலுவான சான்றாகும்.

பாரதியார் இல்லம்

1910இல் ‘இந்தியா’ இதழ் நின்றபின் பாரதியாரின் வருவாய் சுருங்கியது. ஈசுவரன் தர்மராசா கோயில் தெருவில் வீட்டு உரிமையாளரான ‘விளக்கெண்ணெய்ச்’ செட்டியார் வாடகையை வற்புறுத்தாததும் நண்பர்கள் உதவியதும் அக்குடும்பத்தைத் தாங்கின. கடனாகப் பெற்ற அரிசியைப் பாரதியார் சிட்டுக்குருவிகளுக்கு இறைத்ததாக வழங்கும் நிகழ்ச்சி பலரும் அறிந்தது. அது கவிஞரின் உயிரிரக்கத்துக்குச் சான்றாகவே எடுத்துக்காட்டப்படுகிறது. அதில் செல்லம்மாளின் பக்கமும் உண்டு. கடன் கேட்கச் சென்றவரும் மறுபடி கேட்க வேண்டியவரும் அவரே. இல்லத்தலைவனின் ஈகை இல்லத்தலைவியின் பட்டினியாக முடிவதற்கு இடமிருந்தது.

அக்கடன் அரிசியாக இருந்தது என்பதும் நோக்கத்தக்கது. குறைந்த விலையில் வயிற்றை நிரப்புவது சோறே. ஆதலின் பணம் குறையும்போது பாலும் நெய்யும் பருப்பும் காய்கறியும் முதலில் மறைகின்றன. சோறு இறுதிவரை நிற்கிறது. அதுவும் இல்லாத நாளில் அடுப்பு எரிவதில்லை. சோறு மட்டுமே உள்ள நாளும் ஒன்றுமே இல்லாத நாளும் மாறிமாறி வரும் இவ்வாழ்வை மாவுச்சத்துக் குறைந்த உணவுமுறையோடு ஒப்பிட இயலாது. அம்முறைக்கு வேண்டிய புரதமும் கொழுப்பும் வறுமை முதலில் பறித்துக்கொள்பவை.

முடிவுரை

நோன்பிருப்பவர் தாம் விரும்பிய நாளில் அதை முடிக்க இயலும். வறியவருக்கு அவ்வுரிமை இல்லை. புதுச்சேரிச் சான்றுகள் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றன. இது பழங்கதையும் அன்று. 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வில் புதுச்சேரியின் நீரிழிவு விகிதம் 26.3 விழுக்காடாகவும், இந்திய அளவு 11.4 விழுக்காடாகவும் பதிவாயின. அரிசியைக் குறைக்கவும் இடைவெளிவிட்டு உண்ணவும் இன்று பரவலாக அறிவுரை கூறப்படுகிறது. குறைத்த சோற்றின் இடத்தில் பருப்பும் முட்டையும் மீனும் வாங்க வழியில்லாத குடும்பத்தில் அவ்வறுரை பசியாகவே முடியும். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளோ கொள்பவர் மருத்துவ ஆலோசனையின்றி உணவைத் தவிர்த்தால் சர்க்கரை அளவு ஆபத்தான நிலைக்குத் தாழவும் கூடும். எனவே உணவு வரலாற்றில் ‘உண்ணவில்லை’ என்னும் செய்தியை எதிர்கொள்ளும் ஆய்வாளர், அவ்வேளை அந்த வீட்டில் உணவு இருந்ததா என்பதையும் உடன் ஆராய வேண்டும்.