குதிரைக் கொட்டிலிலிருந்து வந்த மாத்திரை

கனடா தேசத்தின் மனிடோபா சமவெளியில், பூமியெல்லாம் பனி மூடிக் கிடக்கும் குளிர்கால மாதங்களில், சினையாய் இருக்கும் பெட்டைக் குதிரைகளைக் கொட்டில்களில் வரிசை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் பின்புறத்திலும் ஒரு ரப்பர்ப் பையை வார்களால் தொங்கவிட்டு, அதில் சேரும் மூத்திரத்தைக் கலன்களில் பிடித்து மருந்துத் தொழிற்சாலைக்கு அனுப்புவது பல்லாண்டுகளாகக் குடியானவர்களுக்கு ஒரு ஜீவனோபாயமாக இருந்து வந்திருக்கிறது. வசந்தம் வந்ததும் குட்டிகள் பிறக்கும். தாய்க் குதிரைகள் மேய்ச்சலுக்குப் போகும். மறுபடி சினையாகி, அடுத்த குளிர்காலத்தில் கொட்டிலுக்குத் திரும்பும். அந்தத் திரவத்தில் நிறைந்திருக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைப் பிரித்து மாத்திரையாக்கி, மாதவிடாய் நின்ற ஸ்திரீகளுக்குக் கொடுத்தார்கள். அந்த மாத்திரையைக் குறித்து எழுந்த ஆசைகளிலும் அச்சங்களிலும் எடை, சதை, தொடை என்னும் விஷயங்கள் எவ்விதம் வந்து புகுந்தன என்பது சிந்திக்கத்தக்க சரித்திரம்.

1929-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டாய்சி என்னும் விஞ்ஞானியும் ஜெர்மனியில் பூட்டெனான்ட் என்னும் விஞ்ஞானியும், ஒருவரையொருவர் சாராமல், கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து ஈஸ்ட்ரோன் என்னும் ஈஸ்ட்ரோஜன் வகைப் பொருளைத் தூய நிலையில் பிரித்தெடுத்தனர். மாண்ட்ரியால் நகரத்து மக்கில் சர்வகலாசாலையில் காலிப் என்னும் பேராசிரியர் மனித நஞ்சுக்கொடியிலிருந்து ஈஸ்ட்ரோஜன் அடங்கிய ஒரு சத்தைத் தயாரித்தார். அதை விற்பனைக்குக் கொண்டுவந்த அயர்ஸ்ட் கம்பெனி, நஞ்சுக்கொடியைக் காட்டிலும் மலிவாகவும் ஏராளமாகவும் கிடைக்கக்கூடிய மூலப்பொருளைத் தேடிக் கடைசியில் குதிரையிடம் வந்து சேர்ந்தது. 1941-இல் கனடாவிலும் 1942-இல் அமெரிக்காவிலும் பிரிமாரின் என்ற பெயரில் அம்மாத்திரை கடைக்கு வந்தது. முகத்திலும் மார்பிலும் திடீரென்று பொங்கி எழும் அனல், நள்ளிரவில் படுக்கையை நனைக்கும் வியர்வை, தூக்கமின்மை ஆகிய உபாதைகளுக்கு அது நல்ல ஔஷதமாகவே இருந்தது. இன்றும் அவற்றுக்கு ஈஸ்ட்ரோஜனுக்கு இணையான மருந்து வேறில்லை.

துன்பத்தைத் தீர்க்க வந்த மருந்து அழகை விற்கும் சரக்காக மாறியது 1966-இல். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் மகப்பேறு வைத்தியராக இருந்த ராபர்ட் வில்சன் அவ்வாண்டில் வெளியிட்ட ஒரு புத்தகம், மாதவிடாய் நிற்பதை இயற்கையான பருவமாற்றமாகக் கருதாமல் ஹார்மோன் குறைவினால் வரும் வியாதியென்று வர்ணித்து, ஈஸ்ட்ரோஜன் உட்கொள்ளும் ஸ்திரீயின் சருமமும் உடற்கட்டும் இளமை மாறாமல் இருக்கும் என்று ஆசை காட்டிற்று. பத்தே ஆண்டுகளில் பிரிமாரின் அமெரிக்க வைத்தியர்கள் மிக அதிகமாக எழுதிக் கொடுத்த மருந்துகளுள் ஒன்றாயிற்று. வில்சனுடைய ஸ்தாபனத்துக்கு மருந்துக் கம்பெனிகளின் பணம் சென்ற செய்தி பின்னால்தான் வெளிப்பட்டது. கஷ்டப்படும் ஒரு பெண்ணின் நம்பிக்கையை இவ்விதம் ஆதாயமாக்கியது பெரும் அநீதி என்பதே என் அபிப்பிராயம்.

அதே காலத்தில்தான் பிரான்ஸிலிருந்து, தொடைத் தோலில் குழி விழும் செல்லுலைட் என்னும் கவலையும் அட்லாண்டிக்கைக் கடந்தது. 1920-களிலிருந்தே பிரெஞ்சு வைத்தியர்களும் அழகு நிலையத்தாரும் பேசிவந்த அந்தத் தொடைக்குழிகளை 1968 ஏப்ரலில் வோக் பத்திரிகை அமெரிக்க வாசகிகளுக்கு அறிமுகம் செய்தது. 1973-இல் நிக்கோல் ரொன்சார் என்னும் அம்மையாரின் புத்தகம் அதை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1978-இல் நூர்ன்பெர்கர், முல்லர் என்ற இரு ஜெர்மானிய வைத்தியர்கள் தோலின் அமைப்பை ஆராய்ந்து, இது கட்டிவிடப்பட்ட வியாதியே என்று பகிரங்கமாக எழுதினார்கள். தோலை அடித்தசையோடு பிணைக்கும் நார்கள் ஆண்களுக்குக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி அமைய, பெண்களுக்குப் பெரும்பாலும் செங்குத்தாக இறங்குகின்றன. ஆகையால் இடையிலுள்ள கொழுப்பு மேல்நோக்கிப் பிதுங்க, நார் இழுத்துப் பிடித்த இடம், தையல் போட்ட இலவம்பஞ்சு மெத்தையைப் போலக் குழிகிறது. பருவமடைந்த பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு, மெலிந்தவர்களுக்கும்கூட, இது உண்டு. பெரும்பாலோருக்கு உள்ளதை வியாதி என்பது எவ்வகையில் நியாயம்?

ஈஸ்ட்ரோஜனுக்கும் கொழுப்புக்கும் உறவு இல்லாமல் இல்லை. பெண்களின் கொழுப்பு இடுப்பிலும் தொடையிலும், ஆண்களின் கொழுப்பு வயிற்றிலும் தங்குவதையும், வயிற்றில் தங்குவதே நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் வழிகோலுவதையும் மார்செய் நகரத்து வைத்தியர் ழான் வாக் 1947-இலேயே எடுத்துக் காட்டினார். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறையும்போது கொழுப்பு தொடையை விட்டு வயிற்றுக்கு இடம் மாறத் தொடங்குகிறது. பிராயத்தினால் தசை குறைந்து எடை ஏறுவதும் அதே சமயத்தில்தான் நிகழ்கிறது. ஆரம்ப வாரங்களில் மாத்திரையால் உடலில் கொஞ்சம் நீர் தேங்கி, மார்பு கனப்பதும் சிலருக்கு உண்டு. ஆகவே பாவாடைக் கட்டு இறுகுவதைக் கண்ட பெண்கள், பழியை மாத்திரையின் தலையில் போட்டார்கள்.

1975-இல் ஈஸ்ட்ரோஜனைத் தனியே உட்கொள்வோருக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் மிகுவது தெரியவந்து, அதைத் தடுக்கப் புரோஜெஸ்டின் என்னும் மற்றொரு ஹார்மோனைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தபின், இந்தப் பழியும் பரீட்சைக்கு உட்பட்டது. 875 பெண்களை மூன்று வருஷம் கவனித்த பெப்பி என்ற அமெரிக்க ஆராய்ச்சியில் எல்லாப் பிரிவினருக்கும் சராசரியாக எடை ஏறிற்று. ஆனால் மருந்தில்லாப் போலி மாத்திரை உண்டவர்களைவிட ஈஸ்ட்ரோஜனைத் தனியாகவோ புரோஜெஸ்டினோடு சேர்த்தோ உண்டவர்களுக்கு ஏறியது சராசரியாகச் சுமார் ஒரு கிலோ குறைவு. 16,608 பெண்கள் சேர்ந்திருந்த மற்றொரு பெரும் ஆராய்ச்சி 2002 ஜூலையில் மார்பகப் புற்றுநோயின் பொருட்டு இடையில் நிறுத்தப்பட்டு, உலகெங்கும் பெண்கள் பயந்து மாத்திரையைக் கைவிட்டபோது, இந்தச் சிறு உண்மை ஒருவர் காதிலும் விழவில்லை.

தொடைக்குழிகளைப் போக்குவதற்கென்று எந்த ஹார்மோன் மாத்திரையும் அங்கீகாரம் பெற்றதில்லை. அனலாலும் உறக்கமின்மையாலும் வாடும் ஸ்திரீகள், சதை போடுமென்று அஞ்சி இச்சிகிச்சையை மறுக்கவும் வேண்டாம். சதை கரையுமென்று நம்பி ஏற்கவும் வேண்டாம். தம் பிராயத்தையும் குடும்பத்திலுள்ள நோய்களையும் வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லி, அவற்றைக் கொண்டு முடிவு செய்வார்களாக.