தாமதத்துக்கு அளவுகோல் வந்த கதை

ஒருவர் குறித்த பொழுதுக்கு வந்துசேரவில்லை என்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் வழங்கும் 'ரன்னிங் லேட்' என்னும் தொடர், வருபவரும் காத்திருப்பவரும் ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதை முன்னனுமானமாகக் கொண்டே பேசுகிறது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இங்கிலாந்தில் அத்தகைய பொது நேரம் எதுவும் இல்லை. ஒவ்வோர் ஊரும் சூரியன் உச்சிக்கு வருவதை வைத்துத் தன் நண்பகலை வகுத்துக்கொண்டது. இதுவே உள்ளூர் நேரம் எனப்பட்டது. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடங்கள் ஆகின்றமையால், லண்டனுக்கு மேற்கே ஏறத்தாழ இரண்டரைப் பாகை தள்ளியுள்ள பிரிஸ்டலில் நண்பகல் பத்து நிமிடம் பிந்தியே வந்தது. குதிரைகள் இழுத்த அஞ்சல் வண்டிகளின் காலத்தில் இது பெருந்தொல்லையாகவில்லை. வண்டிக் காவலர்களின் கடிகாரங்களைச் செல்லும் திசைக்கேற்ப விரைந்தோ மெதுவாகவோ ஓடும்படி திருத்திவைத்தாலே போதுமாயிருந்தது.

ரயில் வந்தபின் நிலைமை மாறிற்று. ஒரே தண்டவாளத்தில் முன்சென்ற வண்டிக்கும் பின்செல்லும் வண்டிக்கும் இடையே இத்தனை நிமிடம் கழிய வேண்டும் என்ற நேர இடைவெளி முறையே தொடக்கத்தில் மோதலைத் தடுத்துவந்ததால், தாமதம் என்பது உயிர்ச்சேதம் விளைவிக்கக்கூடிய பிழையாயிற்று. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1840 நவம்பரில் தன் நிலையங்கள் அனைத்திலும் லண்டன் நேரத்தைப் புகுத்தியது. பல கம்பெனிகளின் ரயில்களில் மாறிச் செல்லும் பயணிகளின் கட்டணத்தை அந்தக் கம்பெனிகளுக்குப் பங்கிட்டுத் தந்த ரயில்வே கணக்குத் தீர்வகம், 1847-இல் எல்லாக் கம்பெனிகளும் லண்டன் நேரமாக வழங்கிய கிரீன்விச் நேரத்தைக் கைக்கொள்ளும்படி பரிந்துரைத்தது. ஊர்களோ உடனே இணங்கவில்லை. பிரிஸ்டலின் தானியச் சந்தைக் கட்டடக் கடிகாரத்தில் ஊர் நேரத்துக்கு ஒன்றும் லண்டன் நேரத்துக்கு ஒன்றுமாக இரண்டு நிமிட முட்கள் பொருத்தப்பட்டன; 1852-இல்தான் அந்நகரம் கிரீன்விச் நேரத்தை ஏற்றது.

இந்த இழுபறி மிகக் கூர்மையாக வெளிப்பட்டது 1858-இல் டார்செஸ்டர் நகரில் நடந்த ஒரு வழக்கில்தான். கிரீன்விச் நேரப்படி ஓடிய நீதிமன்றக் கடிகாரம் காலை 10 மணி காட்டியதும் நீதிபதி இருக்கையில் அமர்ந்து, பிரதிவாதி தரப்பில் எவரும் வராததால் வாதிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். பின்னர் வந்துசேர்ந்த பிரதிவாதி தரப்பினர், ஊர்க் கடிகாரப்படி இன்னும் 10 ஆகவில்லை என்று முறையிட்டனர். இவ்வழக்கை ஆராய்ந்த எக்ஸ்செக்கர் நீதிமன்றம், சட்டம் வேறு கூறாத வரை உள்ளூர் நேரமே செல்லும் என்று பிரதிவாதிக்குச் சாதகமாக முடிவுசெய்தது. அது நியாயமான முடிவே. ரயில் கம்பெனிகள் தம் தேவைக்காக வகுத்துக்கொண்ட நேரத்தை வைத்துக் குடிமகன் ஒருவனைத் தாமதமானவன் என்று தண்டிக்க, அன்று எந்தச் சட்டமும் இடந்தரவில்லை.

அத்தகைய சட்டம் ஒன்று 1880 ஆகஸ்ட் மாதத்தில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, கிரேட் பிரிட்டன் முழுவதற்கும் கிரீன்விச் நேரத்தையும், ஏறத்தாழ 25 நிமிடம் பிந்திய டப்ளின் நேரத்தை அயர்லாந்துக்கும் உரியதாக்கியது. அயர்லாந்து கிரீன்விச் நேரத்துக்கு மாறியது 1916-இல்.