எம் 83 (தென் காற்றாடிப் பேரடை)

ஹைட்ரா, சென்டாரஸ் விண்மீன் குழாம்களின் எல்லையில், வான நடுவரைக்குத் தெற்கே ஏறத்தாழ 30 பாகையில் காணப்படும் சுருள் பேரடை. என்ஜிசி 5236 என்றும் குறிக்கப்படும். தொலைவு சுமார் 1.5 கோடி ஒளியாண்டு. வெறுங்கண்ணுக்குப் புலப்படாது, இருட்டான இடத்தில் இருகண்நோக்கி போதும்.

இதை முதலில் கண்டவர் பிரெஞ்சு வானியலாளர் நிக்கோலா லூயி தெ லகாய். தென்வானத்தை அளக்க நன்னம்பிக்கை முனைக்குச் சென்றிருந்த அவர், 1752 பிப்ரவரியில் இதைக் குறித்துக்கொண்டார். நாளை 17 என்றும் 23 என்றும் நூல்கள் மாறுபடத் தருகின்றன. அவர் கையாண்ட தொலைநோக்கியின் வில்லை அரை அங்குல அகலமே கொண்டது. உருப்பெருக்கம் எட்டு மடங்கு. இன்று சிறுவர்களுக்கு வாங்கித்தரும் இருகண்நோக்கிகூட அதைவிடக் கூடுதலான ஒளியைத் திரட்டும். அக்கருவியைக் கொண்டே ஏறத்தாழ 10,000 விண்மீன்களின் இடங்களைப் பதிந்தார். 1755-இல் வெளியான அவரது 42 பொருள்கள் அடங்கிய பட்டியலில், விண்மீன் கலவாத புகைத்திட்டுகளின் வரிசையில் ஆறாவது இது. உள்ளூர்ப் பேரடைக் குழுவுக்கு வெளியே மனிதர் கண்ட முதல் பேரடை இதுவே என்பர். பேரடை என்ற கருத்தே அப்போது உருவாகியிருக்கவில்லை.

சார்ல் மெசியே 1781-இல் இதைத் தம் பட்டியலில் 83-ஆவதாகச் சேர்த்தார். பாரிசில் இது தொடுவானத்திலிருந்து சுமார் 11 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. நுண்ணளவியின் கம்பிகள் தெரியச் சிறிது வெளிச்சம் காட்டினாலே மறைந்துவிடுவதாக அவர் குறைப்பட்டுள்ளார். தமிழகத்தில் ஏப்ரல், மே இரவுகளில் இதே பேரடை தென்வானில் பாதி உயரத்துக்கு வந்து நிற்கும்.

சுருள் வடிவை மால்ட்டாத் தீவிலிருந்து 48 அங்குலத் தொலைநோக்கியால் நோக்கிய வில்லியம் லாசெல் 1862-இல் குறித்தார்.

இருபதாம் நூற்றாண்டில் இங்கு ஆறு சூப்பர்நோவாக்கள் பதிவாயின: 1923, 1945, 1950, 1957, 1968, 1983. இவற்றுள் 1945-ஆம் ஆண்டுக்குரியது அன்று எவர் கண்ணிலும் படவில்லை. பல்லாண்டுகள் கழித்துப் பழைய புகைப்படத் தகடுகளில் அகப்பட்டது. 1968 ஜூலையில் பிரிட்டோரியாவைச் சேர்ந்த ஜாக் பென்னட், வால்மீன் தேடும்போது தம் ஐந்து அங்குலத் தொலைநோக்கியில் ஒன்றைக் கண்டார். அவர் தொழில்முறை வானியலாளர் அல்லர். தொலைநோக்கி தோன்றிய பின் கண்ணால் பார்த்தே கண்டறியப்பட்ட முதல் சூப்பர்நோவா இது என்று சிலர் எழுதுகின்றனர். ஆண்ட்ரோமெடாப் பேரடையில் 1885-இல் பலர் கண்டதைச் சேர்த்தால் இக்கூற்று ஐயத்துக்குரியது. 1983-ஆம் ஆண்டுக்குரியதை ஆஸ்திரேலியப் பாதிரியார் ராபர்ட் எவன்ஸ், அவரும் கண்ணாலேயே, கண்டறிந்தார். ஒன்று-பி வகைக்கு முன்மாதிரியாகப் பின்னர் அது கொள்ளப்பட்டது.

பேரடையின் அளவில் கருத்தொற்றுமை இல்லை. கண்ணுறு ஒளியில் நம் பால்வழியில் பாதி என்பது பொதுவழக்கு. எனினும் கேலெக்ஸ் செயற்கைக்கோள் 2000-களில் எடுத்த புறஊதாப் படங்களில், பழைய எல்லைக்கு வெகுதூரம் அப்பாலும் இளம் விண்மீன்கள் தென்பட்டன. மையத்தில் இரு கருக்கள் உண்டு என்ற கருத்தும் நிலவுகிறது.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி மையப்பகுதியில் கண்ட மிகை அயனியுற்ற நியான் வளிமத்தை, அங்கே கருந்துளை இருப்பதன் அறிகுறியாகக் கருதலாம் என்று 2025-இல் ஆய்வாளர்கள் தெரிவித்தனர்.