தங்காத பிள்ளைகள்

பிச்சை, குப்பை, குப்பம்மாள் என்னும் பெயர்களை விளாத்திகுளத்துக் கரிசல் ஊர்களில் நாம் கேட்டிருக்கிறோம். பிச்சை என்ற பெயர் நம்மவர் வீடுகளிலும் உண்டு. முன் பிறந்தவை தங்காத வீட்டில், அடுத்த மகவைக் குப்பையில் கிடத்தி எடுத்தும், தவிட்டுக்கு விற்று வாங்கியும் இட்ட பெயர்கள் இவை.

அம்மையும் பேதியும் கொண்டுபோன பிள்ளைகளே இவர்களுள் மிகுதி என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒருவகை இழப்பு வேறாக இருந்தது. பெண் மக்கள் நலமாய் வளர, ஆண் மகவுகள் மட்டும் சளியும் வயிற்றுப்போக்கும் வாய்ப்புண்ணும் மாறிமாறிக் கண்டு, ஆண்டு நிறையுமுன் மறைந்த வீடுகள் சில உண்டு. பழியெல்லாம் தாயின் தலையில் விழுந்தது.

நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் உருவாகாமலே பிறக்கும் குழந்தைகள் உளர் என்பதை மருத்துவ உலகம் உணர்ந்தது சென்ற நூற்றாண்டில்தான். இக்குறையில் ஒருவகை, தனக்கு நோயில்லாத தாய்வழியே ஆண் மக்களைச் சேர்கிறது. வேறு சில வகைகளுக்குத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுது வரவேண்டும். மாமன் மகள், மாமி மகள் என்று உறவுக்குள்ளேயே மணமுடிக்கும் நம் குடும்பங்களில் இவற்றுக்கு வாய்ப்பு அதிகம். இதைச் சொன்னால் பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கக் கூடும், சொல்லாமல் விடுவதற்கில்லை.

1958இல் பிரான்சின் ழான் தோசே, வெள்ளணுக்களிலும் இரத்தப் பிரிவு போன்ற அடையாளங்கள் இருப்பதைக் கண்டார். உடன்பிறந்த இருவருக்கு அவை முழுதும் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. பொருந்தாவிடில், உள்ளே வந்த அணுக்கள் வந்த வீட்டையே தாக்கும். பொருத்தமறிந்து, 1968இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ராபர்ட் குட் என்னும் மருத்துவர், ஐந்து மாதக் குழந்தையொன்றுக்கு அதன் தமக்கையின் எலும்பு மஜ்ஜையைச் செலுத்தினார். அக்குடும்பத்தில் அதற்கு முன்பே பல ஆண் குழந்தைகள் மாண்டிருந்தன. இவன் பிழைத்தான், வளர்ந்து ஆளானான். தமக்கையின் இரத்தப் பிரிவே தம்பிக்கும் அமைந்துவிட்டதாம்!

எல்லார்க்கும் அப்படி வாய்க்கவில்லை. ஹூஸ்டன் நகரின் டேவிட் வெட்டர் 1971இல் பிறந்தது முதல் கிருமியற்ற கூண்டுக்குள்ளேயே வளர்ந்தான். பொருந்தும் மஜ்ஜை கிடைக்கவில்லை. 1983இல் தமக்கையின் மஜ்ஜையைப் பக்குவப்படுத்திச் செலுத்தினர். அதில் உறங்கிக் கிடந்த வைரஸ் புற்றுநோயை விளைவிக்க, 1984 பிப்ரவரியில், பன்னிரண்டு வயதில் மறைந்தான்.

அதே 1983இல் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையிலும், 1986இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கிற்று. அவை வேறு இரத்த நோய்களுக்காகச் செய்யப்பட்டவை. பின்னர்ச் சென்னை அப்போலோவில் டாக்டர் ரேவதி ராஜ் குழுவினர், எதிர்ப்புத் திறனின்றிப் பிறந்த குழந்தைகள் பலருக்கும் இதைச் செய்துள்ளனர். இப்போது பாதி பொருந்தும் தந்தையோ தாயோகூட மஜ்ஜை தரலாம்.

ஆனால் காலம் முக்கியம். கடுமையான வகைக் குறையுடையோருள், மூன்றரை மாதத்துக்குள் மாற்றுச் சிகிச்சை பெற்றவரில் நூற்றுக்கு 94 பேர் ஐந்தாண்டு கடந்தும் வாழ்ந்ததாக 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. நம் நாட்டிலோ பிறந்தவுடன் பி.சி.ஜி. ஊசி போடுகிறோம். மற்றக் குழந்தைகளுக்குக் காப்பான அந்த உயிருள்ள கிருமி, இக்குழந்தைகளின் உடலெங்கும் பரவிவிடும். முன்னர் ஒரு மகவை இவ்வாறு இழந்த வீட்டார், அடுத்த பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் அதைச் சொன்னால், ஊசியை நிறுத்திவைத்து இரத்தத்தை ஆராய இயலும். இதைச் சொல்ல வேண்டியவள் பெரும்பாலும் பாட்டியே. அவளிடம்தான் அந்தக் கணக்கு இருக்கிறது. கோவில்பட்டியில் இரவு ரயில் ஏறினால் விடியலில் சென்னை.