ஒரு சுவர், இரண்டு கரைகள்: சென்னைத் துறைமுகமும் வடசென்னை இழந்த மணலும்

சென்னைக் கடற்கரை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மெரினாதான். பஜ்ஜிக் கடையிலிருந்து தண்ணீரைத் தொட ஐந்து நிமிடம் நடக்க வேண்டிய அளவுக்கு அங்கே மணல் விரிந்து கிடக்கிறது. துறைமுகத்தின் வடக்கு மதிலைத் தாண்டிவிட்டால் அந்த மணலைக் காணோம். காசிமேட்டிலிருந்து எண்ணூர் நோக்கிப் போகும் கரையில் பெரும்பகுதி கருங்கல் குவியல்தான். குவியலை ஒட்டி எண்ணூர் விரைவுச் சாலை. சாலையில் இரவும் பகலும் கன்டெய்னர் லாரிகள். மறுபுறம் குப்பங்களும் தொழிற்சாலை மதில்களும்.

இந்த இரண்டு கரைகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் உருவாகத் தொடங்கின. இரண்டையும் உருவாக்கியதும் 1876இல் கட்டத் தொடங்கிய ஒரே அலைதடுப்புச் சுவர்தான். தெற்கே சேர்ந்த மணலை நகரத்தின் பெருமையாகக் கொண்டாடிய ஊர், வடக்கே போன கரையைக் கடல் சீற்றத்தின் கணக்கில் எழுதியது. நூற்றைம்பது ஆண்டுகளாக நீடிக்கும் அந்தத் தவறான கணக்கு எப்படி உருவானது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

துறைமுகம் இல்லாத துறைமுகப்பட்டினம்

1639இல் தொடங்கிய சென்னைப்பட்டினத்துக்கு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கரைக்கு வராமல் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கையும் ஆட்களையும் கரைசேர்ப்பது மசூலா படகுக்காரர்களின் வேலை. பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலை மோதினால் உடையாமல் வளைந்து கொடுக்கும். அந்தப் படகோட்டிகளும் கட்டுமரக்காரர்களும் வாழ்ந்த பகுதிகளில் ஒன்று ராயபுரம். அங்குள்ள புனித இராயப்பர் ஆலயம் படகோட்டிச் சமூகம் எழுப்பியது.

1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் ரயில் அதே ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. ரயில் கொண்டுவந்து குவிக்கும் பருத்திக்கும் தோலுக்கும் தையல் படகு ஈடுகொடுக்க முடியவில்லை. 1861இல் ஆயிரம் அடிக்கு மேல் நீளமான இரும்புத் தூண் பாலம் ஒன்றைக் கடலுக்குள் நீட்டினார்கள். 1868லும் 1872லும் வந்த புயல்கள் அதைப் பயனற்றதாக்கின. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்ட, மறு ஆண்டு கட்டுமானம் தொடங்கியது. கரையிலிருந்து இரண்டு சுவர்கள் கடலுக்குள் சென்று, கிழக்கே ஒரு வாயில் விட்டு நெருங்கும் அமைப்பு. வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பர் 12ஆம் தேதி வந்த புயல் அரை மைலுக்கு மேற்பட்ட சுவரை அடித்துப் போனது. 1885இல் மறுபடி கட்டத் தொடங்கினார்கள்.

புயலை எதிர்த்துக் கட்டுவது எப்படி என்பதில்தான் அன்றைய பொறியாளர்களின் கவனம் இருந்தது. ஆனால் புயல் இல்லாத நாட்களில் கடல் சத்தமில்லாமல் செய்துவந்த வேலையை அந்தச் சுவர் நிறுத்திவிட்டது.

தெண்டியும் வன்னியும்

தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைச் சென்னை மீனவர்கள் தெண்டி என்பார்கள். வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வன்னி. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து கரையில் ஏறும். ஏறும்போது மணலைச் சற்று வடக்கே தள்ளும். இறங்கும்போது நேராக உள்ளே இழுக்கும். இப்படி ஏறி இறங்கி, ஒவ்வொரு மணல் துகளும் கரையோரமாக வடக்கே நகர்ந்துகொண்டே போகும். வடகிழக்குப் பருவ மாதங்களில் இது திசை மாறும். ஆனால் தெண்டிக்கு மாதங்கள் அதிகம். வரவும் செலவும் கழித்துப் பார்த்தால், ஆண்டுதோறும் லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. சோழமண்டலக் கரையின் பெரும்பகுதிக்கு இதுவே பொது விதி.

இந்த மணல் ஓட்டத்தின் குறுக்கே சுவர் எழுப்பினால், வடக்கே போக வேண்டியது தெற்கே தங்கிவிடும். சுவருக்கு வடக்கே வழக்கம்போல மணலை எடுத்துப் போகும் அலை, எடுத்த இடத்தை நிரப்ப வேண்டிய மணல் வராததால், கரையையே அரிக்கத் தொடங்கும்.

யாருக்கும் தெரியாமல் நடந்த காரியமில்லை இது. 1904இல் துறைமுகப் பொறுப்பேற்ற பொறியாளர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், கிழக்கு வாயிலை அடைத்து வடகிழக்கில் புது வாயில் திறந்தார். துறைமுகத்துக்கு அருகே கரையோர மணல் நகர்வதைப் பற்றியே லண்டன் சிவில் பொறியாளர் கழகத்தின் வெளியீட்டில் 1910களில் ஆய்வுரை எழுதினார். ஆனால் மணலை அவர் பார்த்தது துறைமுகத்தின் கண்ணால். கப்பல் வரும் வழி தூர்ந்துவிடுமோ என்பதே நிர்வாகத்தின் கவலை. வடக்கே யார் வீடு போகும் என்ற கேள்வி அந்தக் கணக்கில் சேரவில்லை.

தெற்கே சேர்ந்தது

18ஆம் நூற்றாண்டு ஓவியங்களில் புனித ஜார்ஜ் கோட்டைக்கு மிக அருகிலேயே அலை அடிக்கிறது. இன்றைய மெரினா சாலைக்குப் பக்கத்திலேயே அன்று கடல் இருந்தது. இடையில் குறுகிய சேற்றுப் பட்டைதான். துறைமுகச் சுவர் எழும்பிய பிறகு மணல் சேர்ந்தது, கடல் விலகியது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களின் நடுவில் அங்கே உலாவும் சாலை அமைத்தார். பிறகும் மணல் சேர்ந்துகொண்டே போனது. இன்று சராசரியாக 300 மீட்டர் அகலம்.

அந்த மணலில்தான் சென்னையின் பொதுவாழ்வு வளர்ந்தது. சுதந்திரப் போராட்டக் கூட்டங்கள் திலகர் கட்டத்தில் கூடின. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் நாட்டின் முதல் மே தினத்தை நடத்திய இரண்டு இடங்களில் ஒன்று திருவல்லிக்கேணிக் கடற்கரை. 1959இல் உழைப்பாளர் சிலை வந்தது. 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி அறிஞர்களின் சிலைகள் வந்தன. தலைவர்களின் நினைவிடங்கள் வந்தன. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக லட்சக்கணக்கானோர் உட்கார்ந்ததும் இந்த மணலில்தான்.

வடசென்னைக்கும் கூட்டங்கள் இருந்தன. கூடுவதற்கு இப்படி ஒரு கரை இல்லை. 1949 செப்டம்பர் 18 அன்று திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் கொட்டும் மழையில் நடந்தது ராயபுரம் ராபின்சன் பூங்காவில். திருவொற்றியூரில் விம்கோ, எம்.ஆர்.எஃப்., என்ஃபீல்டு, எண்ணூரில் அசோக் லேலண்ட், 1970இல் அனல் மின் நிலையம் என்று ஆலைகள் வரிசையாக வந்தன. உழைப்பாளர் பெருகியது இந்தக் கரையில். உழைப்பாளர் சிலைக்கு இடம் கிடைத்தது அந்தக் கரையில்.

வடக்கே போனது

1876 முதல் 1975 வரை துறைமுகத்துக்கு வடக்கே கரை சுமார் 500 மீட்டர் பின்வாங்கியது என்பதும், 1978 முதல் 1995 வரை மேலும் 200 மீட்டர் போனது என்பதும் கடற்கரைப் பொறியியல் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படும் கணக்கு.

மீனவக் குடும்பத்தில் இந்த இழப்பை அளக்கும் அளவை வேறு. கட்டுமரத்தைக் கரையேற்றச் சரிவான மணல் வேண்டும். கற்குவியலில் ஏற்ற முடியாது. கரைவலை இழுக்க இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று பின்னோக்கி நடக்கும் அளவு அகலம் வேண்டும். கருவாடு காய வைக்க, வலை உலர்த்த, பழுது பார்க்க, மீனை ஏலம் விட என்று எல்லாவற்றுக்கும் மணல்தான் களம். அது போனால் தொழில் கரையிலிருந்து துறைமுகத்துக்கு இடம் மாறும். சொந்தக் குப்பத்தில் படகு விட்டவர் காசிமேட்டுக்குப் போய்ப் படகு கட்ட வேண்டியிருக்கும். அங்கே விசைப்படகுகளோடு இடத்துக்கும் ஏலத்துக்கும் போட்டி போட வேண்டியிருக்கும்.

1984இல் திறக்கப்பட்ட காசிமேடு மீன்பிடித் துறைமுகம் ஆயிரக்கணக்கானோருக்குப் பிழைப்பு கொடுத்தது. அதே சமயம் கடலுக்குள் இன்னொரு சுவரையும் நீட்டியது. அரிப்பு அதற்கும் வடக்கே நகர்ந்தது.

கல்லால் ஆன பதில்

கரை போகும்போதெல்லாம் அரசு கொடுத்த பதில் கல். 20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ராயபுரத்திலிருந்து வடக்கே கட்டம் கட்டமாகக் கருங்கல் சுவர் நீண்டது. கல்சுவர் பின்னால் இருக்கும் வீட்டையும் சாலையையும் காப்பாற்றும். முன்னால் இருக்கும் மணலைக் காப்பாற்றாது. சுவரில் மோதித் திரும்பும் அலை அடியிலுள்ள மணலைத் தோண்டும், கற்கள் இறங்கும், மேலே மறுபடி கல் கொட்ட வேண்டும். சுவர் முடியும் இடத்தில் அடுத்த குப்பம் அரிபடும். அங்கே போராட்டம், சாலை மறியல், அதிகாரிகள் வருகை, மறுபடி கல்.

2000களில் அணுகுமுறை சற்று மாறியது. சென்னை ஐ.ஐ.டி. பொறியாளர்களின் வடிவமைப்பில் ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடையே பத்துத் தூண்டில் வளைவுகள் அமைக்கப்பட்டன. கரையிலிருந்து கடலுக்குள் குறுக்காக நீளும் இந்தக் கல் கரங்கள், நகரும் மணலில் ஒரு பகுதியைப் பிடித்து வைக்கும். சில வளைவுகளுக்கு நடுவே மணல் திரும்பியது. படகுகள் மறுபடி கரையேறின. அந்த இடங்களில் குப்பத்தார் தூண்டில் வளைவை வரவேற்றதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இங்கே பிடித்த மணல் அடுத்த ஊருக்குப் போகாது. அதனால் அடுத்த ஊரும் தனக்கொரு வளைவு கேட்டது. கரையோர மேலாண்மைத் திட்டம் தயாரிக்காமல் புதிய வளைவுகள் கட்டக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022இல் சொன்னதற்குப் பின்னணி இதுதான்.

வடசென்னை மட்டும் மாட்டிக்கொண்ட சிக்கல் அல்ல இது. 1980களின் இறுதியில் துறைமுகம் கட்டிய புதுச்சேரி, வடக்கே இருந்த நகரக் கடற்கரையை இழந்தது. 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்த தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், நாட்டின் கரையில் 33.6 சதவீதம் அரிபடுவதாகக் கண்டது.

எண்ணூரைத் தாண்டி

2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தது. இன்று அதன் பெயர் காமராசர் துறைமுகம். அதற்கும் வடக்கே அடுத்த பத்தாண்டில் காட்டுப்பள்ளித் துறைமுகம் எழுந்து, 2018இல் அதானி குழுமத்திடம் போனது. 1876இன் கதை இங்கே மறுபடி நடக்கிறது. எண்ணூர்த் துறைமுகச் சுவருக்குத் தெற்கே மணல் சேர்கிறது. கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் மணல்திட்டு அடைத்துக்கொண்டு ஆற்று நீர் கடலில் சேரத் திணறுகிறது. திருவொற்றியூரில் இல்லாத மணல், முகத்துவாரத்தில் தேவைக்கு மேல் கிடக்கிறது. வடக்கே பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது ஒரு ஒல்லியான மணல் திட்டு. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் 2021லும் 2023லும் அறிவிக்கப்பட்டு, எதிர்ப்புக்கு நடுவே ஒத்திவைக்கப்பட்டது. அந்தத் திட்டு அரிபட்டால் ஏரியும் கடலும் ஒன்றாகிவிடும் என்பது எதிர்ப்பாளர்களின் முக்கிய வாதங்களில் ஒன்று.

எண்ணூருக்குத் தெற்கிலும் கட்டுமானம் நிற்கவில்லை. திருவொற்றியூர்க் குப்பத்தில் சூரை மீன்பிடித் துறைமுகம் 2025இல் திறக்கப்பட்டது.

யார் கணக்கில் எழுதுவது

மணல் ஓட்டம் ஒன்று. அதை நிர்வகிக்கும் கைகள் பல. துறைமுக எல்லைக்குள் துறைமுக நிர்வாகம், கல்சுவருக்கு முன்பு பொதுப்பணித் துறை, இன்று நீர்வளத் துறை, மீன்பிடித் துறைமுகத்துக்கு மீன்வளத் துறை, விரைவுச் சாலைக்கு நெடுஞ்சாலைத் துறை. உள்ளாட்சியும் 2011 வரை துண்டுபட்டே கிடந்தது. ராயபுரம் மாநகராட்சியில், திருவொற்றியூரும் கத்திவாக்கமும் தனித்தனி நகராட்சிகள். மணல் எங்கே தங்கி எங்கே குறைகிறது என்ற முழுக் கணக்கைப் பார்க்க ஒரு மேசை இல்லாததால்தான், ஒவ்வொரு அரிப்பும் அந்தந்தக் குப்பத்தின் தனிக் கஷ்டமாகவே பதிவானது.

வழி இல்லாமல் இல்லை. விசாகப்பட்டினத்தில் துறைமுகம் தூர்வாரும் மணல் வடக்கே நகரக் கடற்கரைக்குக் கொடுக்கப்படுகிறது. ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதல் குழாய் வழியே மணலைச் சுவருக்கு மறுபக்கம் தள்ளுகிறார்கள். சென்னையில் துறைமுகத்துக்குத் தெற்கே, கூவம் முகத்துவாரத்தை அடைக்கும் அளவுக்கு மணல் சேர்கிறது. அதை ஆண்டுதோறும் ராயபுரத்துக்கு வடக்கே எடுத்துப் போடும் ஒழுங்கான ஏற்பாடு உருவாகவில்லை.

2011 இணைப்புக்குப் பிறகு மெரினாவும் எண்ணூரும் ஒரே மாநகராட்சியின் கீழ் இருக்கின்றன. ராயபுரம் ஐந்தாம் மண்டலம், திருவொற்றியூர் முதல் மண்டலம். தெற்கே மணல் கூடுவதையும் வடக்கே குறைவதையும் ஒரே ஏட்டில் எழுதுவதற்கு இனி உள்ளாட்சி எல்லை தடையாகாது. மணலை வடக்கே கொண்டுசேர்க்கும் செலவைத் துறைமுகங்களின் அன்றாடப் பராமரிப்புச் செலவாகவே சேர்க்க வேண்டும். காட்டுப்பள்ளியில் புதிதாக ஒரு கல்லைக் கடலில் இறக்க அனுமதி தருவதற்கு முன், இந்த ஏட்டை மாநகராட்சியும் மாநில அரசும் பொதுமக்கள் முன் வைக்க வேண்டும்.