தஞ்சாவூர் மாத்திரை

2024-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 2-ஆம் நாள் இரவு, மயிலாடுதுறை நகரின் செம்மங்குளம் பகுதியில் சிறுத்தை ஒன்று தெருவோடு நடந்து சென்றதைக் கண்காணிப்புக் கேமரா பதிவு செய்தது. மலையும் காடுமற்ற நெல்வயல் நாட்டில் இது கேள்விப்படாத செய்தி. பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. வனத்துறையினர் கூண்டுகளும் தானியங்கிக் கேமராக்களும் வைத்துத் தேடினர். அங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சுவாமிமலையிலும் அந்த வாரம் கதவுகள் பொழுதோடு தாழிடப்பட்டன. விடியற்காலையில் கொல்லைக்குச் செல்வோர் துணையோடு சென்றனர். சில நாட்களில் அரியலூர் மாவட்டத்துச் செந்துறைப் பக்கம் சிறுத்தை நடமாடுவதாகச் செய்தி வந்தது. மனிதர் எவரையும் தீண்டாமலே அது நம் பகுதியைக் கடந்து போயிற்று.

அந்நாட்களில் நம் மனத்தை ஓர் எண்ணம் விடாமல் உறுத்தியது. தாழிட்ட அக்கதவுகளுக்கு உள்ளே, தரையில் விரித்த பாய்களில், மக்கள் நிம்மதியாக உறங்கினார்கள். கொல்லைக் கதவின் அடியில் இரண்டு விரற்கடை இடைவெளி இருந்தது. முற்றத்து நீர் வெளியேறும் ஜலதாரைத் துளை திறந்தே கிடந்தது. சிறுத்தைக்கு அஞ்சிய நாம் இவற்றை அடைக்க நினைக்கவில்லை. காவிரிக் கரையில் மனித உயிரைக் கொண்டுபோகும் காட்டுயிர் எப்போதும் இவ்வழியாகத்தான் வந்திருக்கிறது.

சுவாமிமலையைக் கண்டவர்கள் அறிவர். அங்கே மலை என்பது மனிதர் கட்டிய மலை. அறுபது படிகள் ஏறி முருகன் சந்நிதியை அடைகிறோம். அதைவிட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளியே. ஆற்றங்கரை, வரப்பு, வீட்டுத் திண்ணை இவையே மேட்டு நிலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலும் வாய்க்காலும் ஒன்றாகும்போது மனிதனும் பாம்பும் நாடுவது அதே மேட்டைத்தான். நெல் விளையும் இடத்தில் எலி பெருகும். எலியைத் தேடிப் பாம்பு வரும். வெற்றிலைக் கொடிக்கால்களின் நிலையோ இன்னும் பொருத்தமானது. அகத்தி மரங்களின் நிழல், ஓயாத ஈரம், பாத்திகளுக்கிடையே தேங்கிய நீர், அதில் தவளைகள். இலை கிள்ளும் கை எங்கே படுகிறது என்பதைக் கண் பார்ப்பதற்குள் கை போய்விடும். நாகப்பட்டினம், திருநாகேச்சுரம், திருப்பாம்புரம் என்று ஊர்ப்பெயர்களிலேயே பாம்பைக் குடியேற்றிய நாடு இது. அரசமரத்தடி தோறும் நாகக்கல் நட்டு வைத்த நாடு.

பாம்பைத் தொழுதவர்கள் கடித்தபின் என்ன செய்தார்கள்? இங்கேதான் உலக மருத்துவ வரலாற்றில் தஞ்சையின் பெயர் வந்து சேருகிறது.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்னிந்தியாவிலிருந்த ஐரோப்பிய மருத்துவர்களிடையே ‘தஞ்சாவூர் மாத்திரை’ என்ற மருந்து பெரும்புகழ் பெற்றிருந்தது. பாம்புக்கடிக்கு அது கைகண்ட மருந்து என்பது பேச்சு. அதன் முக்கியச் சரக்கு வெள்ளைப் பாடாணம். இன்று ஆர்செனிக் என்று நாம் அஞ்சும் அதே நஞ்சு. நஞ்சை நஞ்சால் முறிப்பது என்னும் கருத்து எல்லாக் காலத்திலும் மனிதனைக் கவர்ந்திருக்கிறது. இம்மாத்திரையின் புகழ் கடல் கடந்தும் சென்றது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளில் பணியாற்றிய படைமருத்துவர் ஒருவர், பாம்பு கடித்த போர்வீரர்களுக்கு ஆர்செனிக் கரைசலைக் கொடுத்துப் பார்த்தார். அதற்கு அவரைத் தூண்டியது தஞ்சை மாத்திரையைப் பற்றிய செய்திதான்.

அம்மாத்திரையைச் சோதிக்கத் துணிந்தவர் பாட்ரிக் ரஸ்ஸல் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர். தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளரான கோனிக் 1785-இல் காலமானபோது, அப்பதவி ரஸ்ஸலுக்குக் கிடைத்தது. விசாகப்பட்டினத்தில் இருந்துகொண்டு அவர் சோழமண்டலக் கரையின் பாம்புகளைத் திரட்டினார். ஊரார் வழங்கும் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார். நாய்களையும் கோழிகளையும் கடிக்கச் செய்து, எப்பாம்பின் கடியில் எவ்வளவு நேரத்தில் உயிர் போகிறது, மருந்து கொடுத்தால் வேறுபாடு உண்டா என்று குறித்துவைத்தார். இரக்கமற்ற சோதனைகளே. ஆயினும் அவற்றால் ஓர் உண்மை புலப்பட்டது: மாத்திரையை நம்புவதற்கு இடமில்லை. 1796-இல் வெளிவந்த அவருடைய நூல், நஞ்சுள்ள பாம்புகளையும் நஞ்சற்ற பாம்புகளையும் படங்களோடு பிரித்துக் காட்டியது. நம் வயல்களின் கண்ணாடி விரியன் இன்று உலகெங்கும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது.

அப்படியானால் மாத்திரைக்கு அவ்வளவு புகழ் எப்படி வந்தது? இதை விளங்கிக்கொள்ளாமல் இவ்வரலாற்றை விளங்கிக்கொள்ள முடியாது. நம் பகுதியில் மனிதரைக் கடிக்கும் பாம்புகளுள் பெரும்பாலானவை நஞ்சற்றவை. நஞ்சுள்ள பாம்பும் ஒவ்வொரு முறையும் நஞ்சைச் செலுத்துவதில்லை. வெறும் பல் பதிந்து போவதும் உண்டு. இத்தகைய கடிகளில், கொடுத்தது மாத்திரையாயினும் மந்திரித்த வேப்பிலையாயினும், மனிதன் பிழைத்தே தீருவான். பிழைத்தவன் ஊர் முழுவதும் சொல்லித் திரிவான். இறந்தவன் எதையும் சொல்வதில்லை.

இந்த மயக்கத்துக்கு நம்மவர்களும் விலக்கல்லர். 17-ஆம் நூற்றாண்டில் கிழக்குத் திசையிலிருந்து ரோமைக்கும் தஸ்கனி அரசவைக்கும் ‘பாம்புக்கல்’ கொண்டு சென்றவர்கள் நம் துறவியரே. கடிவாயில் வைத்தால் கல் நஞ்சை உறிஞ்சிவிடும் என்றார்கள். பேரறிஞரான இயேசு சபைக் குரு அத்தனாசியுஸ் கிர்ஷர், விரியன் கடித்த நாயொன்றின்மேல் அதை வைத்துச் சோதித்து, பலித்தது என்றே எழுதினார். ஒரு நாய், ஒரு கடி. தஸ்கனி அரசவை மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி பலமுறை சோதித்தார். கல்லால் பயனில்லை எனக் கண்டார். 1671-இல் தம் நூலைக் கிர்ஷருக்கே எழுதிய மடலாக, மரியாதையோடு வெளியிட்டார். அக்கல்லோ இன்றும் சில நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது.

இனி நாம் சொல்லத் தயங்கியதைச் சொல்லவேண்டும். 1980-களின் பிற்பகுதியில், ஓர் ஐப்பசி இரவில், நம் தெருவிலிருந்த கொடிக்கால் தொழிலாளி ஒருவர் விடியுமுன் எழுந்து வயிறு வலிக்கிறது என்றார். முப்பத்தைந்து வயது இருக்கும். முன்னிரவில் உண்ட உணவு ஒவ்வவில்லை என்று எண்ணினோம். ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தவர்களுள் நாமும் உண்டு. தொண்டை அடைக்கிறது என்றார்; சோடா வாங்கி வந்தார்கள். அவர் கண்ணிமைகள் தாமாகச் சரிந்தபோது, தூக்கம் வருகிறது, நல்லதுதான் என்று ஒரு பெரியவர் சொன்னதும் காதில் இருக்கிறது. பாயை உதறிய பெண்மணிதான் முதலில் அலறினார். அடியில் கருமையாக, குறுக்கே மெல்லிய வெண்பட்டைகளோடு, கட்டுவிரியன் சுருண்டு கிடந்தது. அதன்பிறகும் மந்திரிப்பவர் வீட்டில் அரைமணி நேரம் போயிற்று. மருத்துவமனை வாயிலை வண்டி அடைந்தபோது மூச்சு நின்றிருந்தது. உடலில் கடித்த தடம் எங்கே என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை.

கட்டுவிரியனின் இயல்பு அதுவே என்பதைப் பின்னாளில் படித்து அறிந்தோம். அது இரவில் திரிவது. உறங்குபவரைத் தரையில் கடிப்பது. பல் சிறிது; வலி பெரும்பாலும் இராது, வீக்கமும் இராது. வயிற்றுவலி, தொண்டையடைப்பு, இமைச்சரிவு, பின் மூச்சுத் தசைகளின் செயலிழப்பு என்று படிப்படியாக ஏறும். காலத்தோடு மருத்துவமனை சேர்ந்து, நஞ்சுமுறி மருந்தும் செயற்கைச் சுவாசமும் கிடைத்தவர்கள் பிழைக்கிறார்கள்.

இறந்த அக்குடும்பத்தின் மேல் நாகதோஷம் என்று தெருவில் பேசியதையும் மறைப்பதற்கில்லை. மால்த்தாத் தீவில் கரையேறிய புனித சின்னப்பர் சுள்ளி பொறுக்கி நெருப்பில் இட்டபோது விரியன் ஒன்று அவர் கையைப் பற்றியது. உடனே தீவினர் இவன் கொலைகாரனாக இருக்கவேண்டும் என்றனர். விறகுக் குவியலில் விரியன் இருப்பது இயற்கை. அதற்குக் குற்றம் தேடுவது நம் பழக்கம்.

நஞ்சை உண்மையாகவே முறிக்கும் மருந்து பிறந்த கதை மற்றொரு நெல்வயல் நாட்டில் தொடங்குகிறது. வியத்நாமின் மேகோங் ஆற்றுக் கழிமுகத்தில் பாக் லியூ என்னும் இடம். 1891-இல் வெள்ளம் வந்து நாகங்களை ஊருக்குள் விரட்டியது. குறைந்தது நாற்பது பேர் கடிபட்டனர், நால்வர் இறந்தனர். பிடிபட்ட பாம்புகள் பீப்பாய் ஒன்றில் அடைக்கப்பட்டுச் சைகோன் நகரின் பாஸ்டர் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டன. அங்கிருந்தவர் ஆல்பர்ட் கால்மெட். நம் குழந்தைகளுக்குப் போடும் பி.சி.ஜி. ஊசியின் நடு எழுத்து அவர் பெயரே. நஞ்சைச் சிறிது சிறிதாக விலங்கின் உடலில் ஏற்றினால் அதன் குருதியில் எதிர்ப்பு உண்டாகும். அக்குருதிநீரே மருந்தாகும் என்பதை 1894-இல் அவர் அறிவித்தார். அதே வேளையில் பாரிஸில் வேறு இருவரும் தனியே அம்முடிவை எட்டியிருந்தனர். நாகத்துக்கான மருந்து விரியனுக்கு உதவாது என்பது பின்னர் தெளிந்தது. எனவேதான் நம் நாட்டு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் குதிரைகளுக்கு ஏற்றித் தயாரிக்கப்படுகிறது.

அந்த நஞ்சை எடுத்துக் கொடுப்பவர் யார்? மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். முன்னர் தோலுக்காகப் பாம்பு பிடித்த இருளர், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தையடுத்துத் தோல் வணிகம் தடைப்பட்டபோது பிழைப்பை இழந்தனர். பாம்பைக் கொல்லாமலே அவர்கள் கைத்திறன் உயிர்காக்க உதவும் என்று கண்டு, ரோமுலஸ் விட்டேகர் அவர்களோடு இச்சங்கத்தை உருவாக்கினார். பிடித்த பாம்பை மண்பானையில் சில வாரம் வைத்து, நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, மீண்டும் வெளியில் விடுகிறார்கள். இந்தியாவில் நஞ்சுமுறி மருந்துக்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதியை நெடுங்காலம் அளித்தவர்கள் இவர்களே. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தடம் பார்த்துப் பாம்பின் வளையைச் சொல்லும் அவ்விருவர் முன்னே நம் ஏட்டறிவு எம்மாத்திரம்!

மருந்து இருந்தும் மரணம் நிற்கவில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் 12 இலட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இறந்ததாக 2020-இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் சிற்றூரினர். மருத்துவமனையை எட்டாமல் வீட்டிலேயே இறந்தவர்கள். கட்டிலுள்ளவனை விடப் பாயில் படுப்பவனுக்கும், செருப்புள்ளவனை விட வெறுங்காலில் நடப்பவனுக்கும் ஆபத்து மிகுதி. இதனாலேயே இச்சாவுகள் நெடுநாள் கணக்கில் ஏறாமல் இருந்தன என்பது நம் கருத்து. உலக நலவாழ்வு நிறுவனம் 2017-இல் இதனைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழக அரசு 2024 நவம்பரில், பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயமாக அறிவிக்கவேண்டிய ஒன்றாக ஆக்கியது. இனிமேலாவது எண்ணிக்கை தெரியவரும்.

இதற்கிடையே நாம் அடித்துக் கொல்லும் பாம்புகளுள் பெரும்பகுதி சாரை. நஞ்சற்றது, எலியைத் தின்று நெல்லைக் காப்பது. சாரையும் நாகமும் பிணைவதாகச் சொல்லி வேட்டி விரிக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. அங்கே பிணைந்து நிற்பவை இரண்டு ஆண் சாரைகள், அது மற்போர்.

இறந்தவரின் மகன் இப்போது அதே கொடிக்காலில் வேலை செய்கிறார். விடியுமுன் போகும்போது கையில் டார்ச் விளக்கும் காலில் கனத்த செருப்பும் உண்டு. வீட்டில் கயிற்றுக்கட்டில் ஒன்று வந்திருக்கிறது. அதில் பிள்ளைகள் இருவரும் நெருக்கிப் படுக்கிறார்கள். ஜலதாரைத் துளைக்குச் சல்லடைத் தகடு பொருத்தியிருக்கிறார். அவரும் மனைவியும் இன்னும் பாயில்தான். ஆனால் கொசுவலையின் நான்கு ஓரங்களையும் பாயின் அடியில் செருகிய பிறகே விளக்கை அணைக்கிறார்கள்.