காதுத் துளையும் பச்சைக் கோடும்: குழந்தை உடம்பில் நமது முன்னோர் இட்ட அடையாளங்கள்

ஊசி ஒன்றுதான். அது காதுச் சோணையில் ஏறினால் நமது வீடுகளில் சீனி பங்கிடுவார்கள். கையில் ஏறி மையைப் பதித்தால் ஹறாம் என்பார்கள். இரண்டிலும் இரத்தம் வருகிறது, இரண்டும் உடம்பில் அழியாமல் நிற்கின்றன. பின் எப்படி ஒன்று கல்யாணமாகவும் மற்றது குற்றமாகவும் ஆயின? இதற்கு மார்க்க நூல்களிலும் நமது ஊர் வழமையிலும் விடை தேடப் போனால், இரண்டு இடத்திலும் ஒரே ஆள் நடுவில் நிற்கிறது: வாய் திறந்து “வேண்டும், வேண்டாம்” என்று சொல்ல முடியாத குழந்தை.

முதலில் பச்சை குத்தலை எடுத்துக்கொள்வோம். பச்சை குத்துகிறவளையும் குத்திக்கொள்கிறவளையும் நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்ற செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டு கிரந்தங்களிலும் உள்ளது. இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் இதைச் சொல்லக் கேட்ட உம்மு யஃகூப் என்ற பெண் சும்மா இருக்கவில்லை. “இரு அட்டைக்கும் நடுவில் உள்ளதை எல்லாம் ஓதியிருக்கிறேன், நீங்கள் சொல்வது அதில் இல்லையே” என்ற கருத்தில் நேரே வந்து கேட்டார். தூதர் தந்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்ற ஸூறத்துல் ஹஷ்ரின் வசனத்தைக் காட்டி இப்னு மஸ்ஊத் அவருக்கு விளக்கினார். அந்தக் காலத்துப் பெண்மணி கேள்வி கேட்ட துணிவும், கேட்டவருக்குக் கிடைத்த பொறுமையான பதிலும் நமது மேடைகளில் அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை.

தடை இவ்வளவு தெளிவாக இருந்தும் முஸ்லிம் உலகத்தில் பச்சை குத்தல் ஒழிந்துவிடவில்லை. மொறோக்கோ, அல்ஜீரியாவின் பெர்பர் பெண்கள் நெற்றியிலும் நாடியிலும் கோடுகள் குத்திக்கொண்டார்கள். ஈராக், சிரியா, எகிப்து நாட்டுப்புறங்களிலும் இந்த வழமை இருபதாம் நூற்றாண்டு வரை இருந்தது. அழகுக்காகவும் நோவுக்காகவும் கண்ணூறுக்காகவும் குத்தினார்கள். ஈராக்கில் பிறந்த பிள்ளைகள் தங்காமல் மௌத்தாகிய வீடுகளில் அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்குக் காவலாக ஒரு புள்ளி குத்தும் வழக்கமும் இருந்தது. தென்னிந்தியாவில் இதே அச்சத்துக்குப் பிள்ளையின் மூக்கைக் குத்தி, குப்பை என்றோ பிச்சை என்றோ பெயர் வைத்தார்கள். ஊர் வேறு, மதம் வேறு. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் மனம் மட்டும் ஒன்று.

பிள்ளைகளுக்குப் பச்சை குத்தும் வழமை எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்கு நமது பிக்ஹு நூல்களே சாட்சி. ஷாபிஈ மத்ஹபில் பச்சை குத்திய இடம் நஜீஸாகும். உள்ளே தங்கிய இரத்தம் அதற்குக் காரணம். பெரிய தீங்கு வராது என்றால் அதை நீக்க வேண்டும். ஆனால் இமாம்கள் ஒரு விலக்கையும் கூடவே எழுதி வைத்தார்கள். பருவமடையுமுன் பிறர் குத்தியிருந்தாலோ, நிர்ப்பந்தத்தில் குத்தப்பட்டிருந்தாலோ அவர் அதை நீக்கக் கடமைப்பட்டவரல்லர், அவர் மீது பாவமுமில்லை. நடக்காத காரியத்துக்குச் சட்டம் எழுதுவதில்லை. தாய்மார் பிள்ளைகளுக்குப் பச்சை குத்தினார்கள், அந்தப் பிள்ளைகள் வளர்ந்து ஆலிம்களிடம் வந்து “என் தொழுகை கூடுமா?” என்று கேட்டார்கள் என்பதை இந்த ஒரு வரி நமக்குச் சொல்கிறது. “உன் சம்மதம் இல்லாமல் நடந்ததற்கு நீ பொறுப்பில்லை” என்பதே ஆலிம்கள் கொடுத்த பதில்.

இனிக் காதுக்கு வருவோம். பெருநாள் தினத்தில் நபியவர்கள் தருமம் செய்யச் சொன்னபோது பெண்கள் தங்கள் காதணிகளையும் மோதிரங்களையும் கழற்றி பிலால் (ரழி) அவர்களின் துணியில் போட்டார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரழி) அறிவிக்கிறார்கள். ஆயிஷா நாயகி அறிவிக்கும் உம்மு ஸர்உவின் நீண்ட கதையிலும், கணவன் தன் காதுகளை நகையால் நிறைத்ததைப் பெருமையாகச் சொல்லும் பெண் ஒருத்தி வருகிறாள். ஆகவே காது குத்துவது அனுமதி என்று பலர் முடிவு செய்தார்கள். ஆனால் ஹாபிழ் இப்னு ஹஜர் அஸ்கலானி ஒரு நுணுக்கத்தைத் தொட்டார்: காதணி என்றால் துளையில்தான் மாட்ட வேண்டுமா, மெல்லிய சங்கிலியால் தலையிலிருந்து தொங்க விடவும் முடியுமே! ஏழாம் நாள் ஸுன்னத்துகளில் காது குத்துவதையும் சேர்த்து தபரானியில் வரும் அறிவிப்போ பலவீனமானது.

இந்த விவாதத்தில் ஆகக் கடுமையான குரல் இமாம் கஸ்ஸாலி (மரணம்: 1111) அவர்களுடையது. நாம் நாள்தோறும் பெயர் சொல்லும் இமாம், நமது மத்ஹபின் தூண். பெண் குழந்தையின் காதைப் பொன் வளையத்துக்காகத் துளைப்பதற்கு அனுமதி இருப்பதாகத் தாம் காணவில்லை என்று இஹ்யாவில் எழுதினார்கள். அது நோவுண்டாக்கும் காயம். பிறருக்குச் செய்தால் பழிக்குப் பழி கேட்கக்கூடிய காயம். இரத்தம் குத்தி எடுத்தல், கத்னா போன்ற முக்கியத் தேவை இருந்தாலொழிய அதைச் செய்யலாகாது. காதணி அப்படியொரு தேவையல்ல, கழுத்து மாலையும் வளையலும் போதும். எல்லாரும் செய்கிறார்கள் என்பதால் அது ஹலாலாகாது, குத்துகிறவர் வாங்கும் கூலியும் ஹறாம். இவ்வளவும் சொல்லிவிட்டு, ஹதீஸில் அனுமதி உறுதியானால் வேறு விஷயம், தமக்கு அப்படியொன்று இதுவரை எட்டவில்லை என்றும் நேர்மையாகச் சேர்த்தார்கள்.

மறுபக்கத்தில் இப்னுல் கையிம் (மரணம்: 1350) குழந்தை வளர்ப்புச் சட்டங்களுக்கென்றே எழுதிய ‘துஹ்ஃபதுல் மவ்தூத்’ நூலில் இதற்குத் தனிப் பாகம் ஒதுக்கினார். பெண் குழந்தைக்கு அலங்காரம் தேவை, ஆகவே அனுமதி. ஆண் குழந்தைக்கு அந்தத் தேவை இல்லை, ஆகவே வெறுக்கத்தக்கது. கால்நடைகளின் காதுகளை அறுக்கும்படி ஷைத்தான் ஏவுவான் என்ற ஸூறத்துன் நிஸாவின் வசனத்தைச் சிலர் இதற்கு எதிராகக் காட்டியதையும் அவர் மறுத்தார். அந்த அறுப்பு சிலைகளுக்கு நேர்ந்துவிட்ட பிராணிகளுக்கானது, இதனோடு சேராது என்றார். ஹனஃபி அறிஞர் காழிகானும் தடையில்லை என்றார். பிற்கால ஷாபிஈ இமாம்களிலும் பலர் பெண் குழந்தைக்கு ஆகுமென்ற கருத்தையே தெரிந்தெடுத்தார்கள். இப்னு ஹஜர் ஹைதமி (மரணம்: ஹிஜ்ரி 974) மூக்குத் துளையைக் காதிலிருந்து பிரித்துக் கூடாதென்றார். சிறு கூட்டத்தாரைத் தவிர மற்றவர் அதை அழகாகக் கொள்வதில்லை என்பது அவர் சொன்ன காரணம். மூக்குத்தி சாதாரணமாயிருக்கும் தென்னிந்திய ஊர்களில் அந்தக் காரணம் நிற்குமா என்பது வேறு கதை. அவர் கையில் இருந்த அளவுகோல் உர்ஃபு, அதாவது ஊர் வழமை, என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

நமது ஊர் வழமை என்ன? இந்தத் தீவிலும் தென்னிந்தியாவிலும் காது குத்துதல் எல்லாச் சமூகத்துக்கும் பொதுவாக இருந்தது. கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த றொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் நூலில், அங்குள்ளவர்கள் சிறுவயதிலேயே காதைக் குத்தி, தென்னோலையைச் சுருட்டித் துளையில் செருகி அகலப்படுத்தியதை எழுதியிருக்கிறார். தமிழில் காதோலை என்ற சொல் இருப்பதும், தோடு என்ற சொல் பனையோலையையும் காதணியையும் குறிப்பதும் இதனால்தான். பொன் வருமுன் காதில் இருந்தது ஓலை.

முஸ்லிம் பெண்களின் காதுக்கு ஒரு தனி முத்திரை இருந்தது. சோணையில் ஒரு துளையோடு நிற்காமல் மடலின் ஓரம் நெடுகத் துளையிட்டு வரிசையாக வளையம் மாட்டினார்கள். அலுக்கத்து, அலுக்குத்து என்று ஊருக்கு ஊர் ஒலி மாறும். மலபார் மாப்பிள்ளைப் பெண்கள் இதையே அலிக்கத்து என்றார்கள். கடலுக்கு இருபுறமும் ஒரே நகையும் ஏறக்குறைய ஒரே பெயரும் இருப்பது, கலிமாவோடும் கப்பலோடும் சேர்ந்து பெண்களின் அலங்காரமும் பயணம் செய்ததைக் காட்டுகிறது. நமது வரலாற்றை எழுதியவர்கள் கப்பலையும் கல்வெட்டையும் தேடினார்கள். உம்மும்மாமாரின் காதைப் பார்க்கவில்லை.

ஆணுக்குச் சுன்னத்துக் கல்யாணம் என்றால் பெண்ணுக்குக் காதுகுத்துக் கல்யாணம். தட்டார் வீட்டுக்கு வருவார். பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடிக்க ஒருவர், வாயில் கற்கண்டு வைக்க ஒருவர். குத்திய துளை தூராமலிருக்க வேப்பங்குச்சியோ ஈர்க்குத் துண்டோ செருகி, மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவுவார்கள். காது வெறுமையாக இருந்தால் “மூளிக் காதோட புள்ளைய வெச்சிருக்கிறீங்களே!” என்று வருவோர் போவோர் எல்லாம் கேட்பார்கள். சோணைத் துளை கெதியாக ஆறிவிடும். மடலோரத் துளை அப்படியல்ல. அங்கே இருப்பது குருத்தெலும்பு, இரத்த ஓட்டம் குறைவு. சீழ் பிடித்தால் மடலே சுருங்கி உருக்குலைந்துவிடும். கஸ்ஸாலி இமாம் சொன்ன ‘நோவுண்டாக்கும் காயம்’ அலுக்கத்துக் காதில் ஒன்றல்ல, பல. அந்த வரிசைத் துளை வழக்கம் பின்னர் தேய்ந்து மறைந்தது. அதை எந்த ஃபத்வாவும் நிறுத்தவில்லை. “நாங்க பட்டது போதும், எங்கட புள்ளைக்கு வேணாம்” என்று தாய்மாரே கைவிட்டார்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். காதுப் பொன் பெண்ணின் சொந்தச் சொத்து. பெருநாளில் காதணியைக் கழற்றிக் கொடுத்த ஸஹாபிப் பெண்கள் யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை என்பதை இமாம் நவவி சுட்டிக்காட்டி, மனைவி தன் பொருளிலிருந்து கணவன் அனுமதியின்றியே தருமம் செய்யலாம் என்றார்கள். வீட்டில் முடை வந்தால் முதலில் அடகுக்குப் போனதும் அந்தத் தோடுதான். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை ஜின்னா மைதானத்துக்கு அழைத்து இரண்டு மணி நேரத்தில் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டபோது, வழியில் பறிக்கப்பட்டவற்றில் பெண்களின் காதணிகளும் இருந்தன. குழந்தைகளின் காதிலிருந்த சின்னத் தோடுகளும் தப்பவில்லை. ஒரு குடும்பம் தன் மகளுக்கு என்று வைத்த முதற் பொன் அது. அந்த வெறும் துளைகளோடு புத்தளம் முகாம்களில் வளர்ந்த பிள்ளைகள் இன்று தாய்மார்.

இப்போது தட்டார் வருவதில்லை. நகைக்கடையில் துப்பாக்கி போன்ற கருவியால் ஒரு நொடியில் குத்தி விடுகிறார்கள். பிளாஸ்டிக் பாகங்கள் உள்ளதால் அதைச் சூடான நீராவியில் வைத்துக் கிருமி நீக்க முடியாது. தடுப்பூசி முடியாத பச்சைக் குழந்தைகளையும் கொண்டு போகிறார்கள். அதே வீட்டில் பதினாறு வயது மகள் மடலோரத்தில் இரண்டாம் துளை கேட்டால் “இது என்ன புதுப் பழக்கம்?” என்று ஏசுகிறோம். அவள் கேட்பது அவளுடைய மூத்தம்மாவின் அலுக்கத்துத் துளையைத்தான் என்பது நமக்கே மறந்துபோயிற்று. வெளிநாட்டிலிருந்து கையில் பச்சையோடு வந்த மகனைப் பள்ளியில் ஒதுக்கி நிற்க வைக்கிறோம். விவரம் அறியாத வயதில் குத்தப்பட்டவருக்கு நமது நூல்கள் கொடுத்த சலுகையையும், தௌபா என்ற வாசலையும் யாரும் அவனுக்குச் சொல்வதில்லை.

பச்சை குத்தலில் ஹுக்ம் தெளிவு, அதை மாற்றிப் பேச இடமில்லை. காது குத்தலில் இமாம்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள், நமது சமூகம் அனுமதிப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. அதில் பிழை காண வேண்டியதில்லை. ஆனால் அனுமதி என்பது கட்டளையாகாது. காது குத்தாத பிள்ளையின் உம்மாவைக் குறை சொல்கிறவர்கள், அந்த உம்மாவின் பக்கத்தில் ஹுஜ்ஜதுல் இஸ்லாம் நிற்கிறார்கள் என்பதை அறிந்துகொண்டு பேசட்டும். குத்துகிறவர்கள் தடுப்பூசி முடியும் வரை பொறுத்து, சுத்தமான ஊசியால், சோணையில் ஒரு துளையோடு நிறுத்திக்கொள்ளட்டும். பிள்ளைக்கு ஐந்தாறு வயதாகிக் “குத்தட்டுமா மகள்?” என்று கேட்கும் வரை பொறுப்பவர்கள் இன்னும் நல்லது செய்கிறார்கள்.